கிடா வாடை

கிடாக்காரர் வீட்டுக் கொட்டிலுக்கும் என் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதிலும் பாதி துருப்பிடித்து ஓட்டை. நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் கொப்புளம் தேடிக்கொண்டிருக்கும்போது ஓட்டை வழியாக ஏதாவது ஒரு ஆடு, இவனுக்கு வேறு வேலையே இல்லையா என்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பருவகாலத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் காற்றடிப்பார்கள். கிடா வாடை என்றால் ஏதோ ஆட்டு வாடை என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டையாட்டுக்கு அந்த வாடை கிடையாது. பகல் குறுகிக் காற்றில் குளிர் ஏறும் மாதங்களில் கிடா தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். கொம்புக்குப் பின்னால் பிசின் மாதிரி ஒன்று கசியும். இரண்டும் சேர்ந்து தெருவையே தூக்கும். துணியில் ஏறிவிட்டால் இரண்டு துவைப்புக்கும் போகாது. அந்தக் கிடாவைக் கட்டி மேய்த்துக்கொண்டு, ஒன்பது பெட்டைகளின் பாலை டீக்கடைக்கும் பக்கத்து வீடுகளுக்கும் ஊற்றிப் பிழைத்தவர்தான் கிடாக்காரர். ஊரில் ஆடு வைத்திருந்த மற்றவர்களில் பலரும் தங்கள் பெட்டைகளை அவரிடம்தான் ஓட்டி வருவார்கள்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதனால் அவர் எனக்கு மாமா ஆனார். மற்றபடி ஒட்டுமில்லை உறவுமில்லை.

அக்காவுக்கு அந்த வாடை ஜென்ம விரோதி. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளை அண்டாவில் வேகவைத்து, வெள்ளை வெளேரென்று எடுத்து மடித்த கை. அப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் கிடா வளர்க்கிற மனிதர் வாய்த்தார். கொட்டிலிலிருந்து வருகிறவர் முற்றத்துக் குழாயடியிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, கார்பாலிக் சோப்பால் தேய்த்துக் குளித்த பிறகுதான் வாசற்படி ஏறலாம். பருவகாலம் முழுக்க அவருக்குப் படுக்கை கொட்டிலை ஒட்டிய தீவன அறையில். ஒரே ஒரு பெண் குழந்தையோடு நின்றுபோனதற்கு அந்த வாடைதான் காரணம் என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்கா காதில் விழ வேண்டும் என்றேதான் சொல்வார். அக்கா பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்கும்.

"என்ன நாத்தம் நாத்தம்ங்கிறா? எனக்கு ஒண்ணும் வரலையே" என்று தன் கையையே மோந்து பார்ப்பார். அது பொய்யில்லை. அவர் மூக்குக்கு அது மரத்துப்போயிருந்தது. எனக்கு ரப்பர் சொல்யூஷன் வாடை தெரியாததுபோலத்தான்.

பெட்டைகளின் பருவம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விடிந்ததும் கொட்டிலுக்குள் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். ஒன்பதில் ஏதாவது ஒன்று தீவனத்தை விட்டுவிட்டு அவரிடம் வரும். அவர் முழங்காலில் கழுத்தைத் தேய்க்கும். ஒரு தினுசாய்க் கத்தும். வால் நிற்காமல் அடித்துக்கொள்ளும். அவர் அதன் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். நழுவி ஓடினால் இன்னும் நாளாகவில்லை. அசையாமல் நின்றால் அன்றைக்கே கிடாவிடம் விட வேண்டும். கிடைப்பது அந்த ஒருநாள்தான், தப்பினால் மூன்று வாரம் காத்துக் கிடக்க வேண்டும். அவர் சொல்லி ஒன்று தப்பியதாக எனக்கு நினைவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் எங்க மாப்ள கண்டுபிடிக்கிறேன்? அதுங்களே வந்து எங்கிட்ட சொல்லும். வாயில்லாத ஜீவன் நம்ம மேல பிரியம் வெச்சிருந்தா எதையும் மறைக்காது" என்றார். இதைச் சொல்லும்போது மனிதருக்கு முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஒரு வருஷம் வெயில் காலம் தொடங்கும்போது, கிடாவுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. உயிர் தப்பியது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. "ஹ்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

கிடாவைப் பிடிக்க ஆளில்லை. அக்கா ஒருநாள் முயன்று பார்த்தாள். அது அவளை முட்டிச் சாய்த்துவிட்டு என் தகரத்தை நெளித்தது. நகரத்தில் துணி ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகள் வந்து, வியாபாரியை வரச் சொல்லிக் கிடாவை ஏற்றி அனுப்பினாள். வேன் கிளம்பும்போது மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

அதற்குப் பிறகு அக்கா தன் ஆயுள்காலக் கோபம் அத்தனையையும் அந்த வாடை மேல் காட்டினாள். இந்த நோயே அந்த நாற்றத்திலிருந்துதான் வந்தது என்று அவள் தீர்மானமாக நம்பினாள். தீவன அறையில் இருந்த அவர் படுக்கையை எரித்தாள். துணிமணியை எல்லாம் அண்டாவில் போட்டு வேகவைத்தாள். கிடா நின்ற மூலையைச் சுரண்டி, கொட்டில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, தரையில் பினாயில் ஊற்றினாள். மாமாவை வீட்டுக்குள் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்துக் காலையும் மாலையும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துடைத்தாள். நகக்கண்ணைக்கூட விடவில்லை. மாமா பிறந்த குழந்தைபோல் மணந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் கடையில் நல்ல காற்று வீசியது, நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடுகள் மட்டும் மாறிப்போயின. ஆரம்பத்தில் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தன. மாமா இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டுவார். அவை வந்து மோந்து பார்க்கும். சோப்பு வாடையில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடும். கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டன. மாமா கையை நீட்டியபடியே வெகுநேரம் வைத்திருப்பார். அப்புறம் உள்ளே இழுத்துக்கொள்வார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து வேலையைப் பார்ப்பேன்.

மகள் மோசமான பெண் இல்லை. அம்மா ஒருத்தியாய் எத்தனை நாள் தூக்கிப் புரட்டுவாள் என்ற கவலை அவளுக்கு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு இருக்கிறது, இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள், ஆட்டைக் கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று போனில் தினமும் சொன்னாள். கடைசியில் அம்மாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தப் பருவத்தில் ஆடுகள் சினை பிடித்தால் அடுத்த வருஷமும் பால் இருக்கும், பிழைப்பு ஓடும், அம்மா இங்கேயே இருக்கட்டும். பிடிக்காவிட்டால் பால் வற்றிவிடும். அதற்குமேல் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

"அங்க கூட்டிட்டுப் போனா எதிர்ச் சுவத்தைப் பாத்துப் பாத்தே செத்துப்போயிடுவாரு தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஆடு மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே அவருக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழை நின்றது. பகல் குறுகியது. காலையில் பனி இறங்கத் தொடங்கியது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் கொட்டில் சந்தைக்கடையாக இருக்கும். இந்த வருஷம் ஒன்பது பெட்டைகளும் சாமியார் மடத்தில் இருப்பதுபோல அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன.

மாமா செய்ததைப் பார்த்திருந்ததால் அக்கா தீவனத்தைக் கூட்டினாள். உடைத்த சோளத்தை ஊறவைத்துப் போட்டாள். தவிடு போட்டாள். ஆடுகளுக்கு மயிர் மினுமினுத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கொட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டின் பின்பக்கமாகக் குனிந்து குனிந்து பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, கண்ணாடிபோல் ஏதாவது ஒழுகுகிறதா. இருக்கிறதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும்.

"கட்டின புருஷன் முகத்தைக்கூட இவ்வளவு உத்துப் பாத்ததில்ல" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் கோணக்கொம்பி விடாமல் கத்தியது. கொம்பு ஒன்று காதுப்பக்கம் வளைந்த பழுப்பு ஆடு அது. பருவம்தான் என்று அக்கா சொன்னாள், நானும் பெரிய மேதாவிபோல ஆமாம் என்றேன். ஊர்க்கோடியில் செங்கல் சூளைக்காரரிடம் ஒரு கிடா உண்டு. அதுவரைக்கும் கோணக்கொம்பியை இழுத்துக்கொண்டு நடந்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். கிடாவைக் கண்டதும் கோணக்கொம்பி மிரண்டு மூலைக்கு ஓடியது. கிடா துரத்தியது. இது சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு எழவே மாட்டேன் என்றது. கல் அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சூளைக்காரர் ஆட்களை அதட்டிவிட்டு, இது இன்னும் பருவத்துக்கு வரவில்லை, வலுக்கட்டாயம் பண்ணினால் கால் ஒடிந்துவிடும் என்று பதமாகவே சொன்னார். கிடாவை இரவல் கேட்டதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பெட்டைகளுக்கும் இதுதானே பருவம்.

அடுத்த வாரம் காது அறுந்த மூளிக்காதியைக் கூட்டிப்போனோம். அதே கதை.

தடுப்பூசி போட மாட்டு டாக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். சின்ன வயசுப் பெண். ஜலதோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒன்பது ஆட்டையும் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையுமில்லை, நன்றாகத் தேற்றியிருக்கிறீர்கள் என்றார். பிறகு குழாயடியில் கை கழுவும்போது, முன்பெல்லாம் பருவம் பார்த்தது யார் என்று கேட்டார். அக்கா தூரத்தில் தெரிந்த ஜன்னலைக் காட்டினாள்.

"எப்படிப் பாப்பாரு?"

"உள்ள போயி நிப்பாரும்மா. அதுங்களே அவருகிட்ட வரும்."

"கிடாவையும் அவர்தானே வெச்சிருந்தாரு?"

அக்கா ஆமாம் என்றாள். டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"அப்ப அவர் மேல கிடா வாடை அடிச்சிருக்கும். அதுக்குத்தான் வந்திருக்குங்க. கிடா பக்கத்துல இல்லாட்டி பெட்டை பருவத்தை வெளியவே காட்டாது. சிலது பருவத்துக்கே வராது. கிடாவைக் கொண்டுவர முடியலைன்னா ஒரு பழைய துணியைக் கிடா மேல நல்லா தேய்ச்சு எடுத்துட்டு வந்து காட்டுங்க. இத்தனை மாசமா வாடையே படாம இருந்ததுக்கு இப்ப பட்டா சட்டுனு வரும்."

டாக்டர் போன பிறகு அக்கா குழாயடியிலேயே நின்றாள். நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். குழாயைக்கூட மூடாததால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரையே துவைச்சு எடுத்துட்டேன் தம்பி" என்றாள்.

குழாயை மூடினேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

"இது அவருக்குத் தெரிய வேணாம். ஆடுங்களுக்குத் தன் மேல பிரியம்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. அது அப்படியே இருக்கட்டும்."

முதலில் ஒரு கோணித்துண்டைத்தான் சூளைக்குக் கொண்டுபோய்த் தேய்த்து எடுத்து வந்து கொட்டில் தூணில் ஆணியடித்து மாட்டினாள். டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஓரிரு நாளில் கொட்டிலே கலகலத்துவிட்டது. ஒன்று கத்தியது, ஒன்று பக்கத்து ஆட்டின் மேல் ஏறியது, நாலைந்து சேர்ந்து தூணை முட்டின. ஆனால் இதில் எது பருவம், எது வெறும் வேடிக்கை என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் போய் எதன் இடுப்பில் கையை வைத்தாலும் அது நழுவி ஓடியது. அவளிடம் அவை என்றைக்கு நின்றிருக்கின்றன?

மாமாவுக்குத் தெரிந்தது. கட்டிலில் பாதி எழும்பி, இடது கையால் ஜன்னல் கம்பியை அடித்துக்கொண்டு ஹ்ம், ஹ்ம் என்று கத்தினார். எதையோ காட்டினார். எதை என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவர் ஓய்ந்துபோய்த் தலையணையில் சாய்ந்தார். அக்கா அவரையும் கொட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து அவருடைய கம்பளிக் கோட்டை எடுத்து வந்தாள். வேகவைத்துத் துவைத்து அந்துருண்டை போட்டு மடித்து வைத்திருந்த கோட்டு.

சூளையில் நான் அதைத் தேய்க்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. சூளைக்காரர் கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அக்கா தானே குனிந்து கொம்புக்குப் பின்னாலும் தாடியிலும் முன்னங்கால்களிலும் கோட்டை வைத்து அழுத்தித் தேய்த்தாள். உள்ளே வெளியே எல்லாம் தேய்த்தாள். இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள். அந்தக் கிடாவே கொஞ்சம் அசந்துபோய் நின்றது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். மாமா சரிந்துவிடாமல் இருக்க, பழைய டியூபை நீளமாக வெட்டிப் பட்டையாக்கி வைத்திருந்தேன். அக்கா அவரை எழுப்பி உட்காரவைத்து, வெளியே குளிருகிறது, கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாட்டிவிட்டாள். வீடு முழுக்க நாறியது. மாமா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் மூக்குக்குத்தான் அது எப்போதுமே வராதே.

நான் அவரை அலாக்காகத் தூக்கினேன். ஆள் பாதியாகியிருந்தார். கொட்டில் நடுவில் நாற்காலியைப் போட்டு, உட்காரவைத்து, டியூபால் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். ஆடுகள் எல்லாம் ஒரேயடியாகத் தலையைத் தூக்கின.

முதலில் மூளிக்காதி வந்தது. கோட்டின் ஓரத்தை மோந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு கோணக்கொம்பி, எங்கள் மானத்தை வாங்கிய அதே கோணக்கொம்பி, மற்றதை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அவர் மடியில் கிடந்த செத்த கையின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. ஒரு தினுசாய்க் கத்தியது. வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

மாமா இடது கையை மெதுவாக நீட்டி அதன் இடுப்பில் வைத்தார். அழுத்தினார். அது நின்றது. ஆணி அடித்ததுபோல நின்றது.

"ஹ்ம்" என்றார்.

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பை விவரிக்க எனக்குத் தெரியாது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை. அக்கா அழவில்லை. என் சட்டைப் பையில் டியூபில் குறி போட வைத்திருந்த சாக்பீஸை உருவிக்கொண்டு போய்க் கோணக்கொம்பியின் முதுகில் ஒரு கோடு இழுத்தாள். அன்று மதியம் சூளையில் அது ஓடவுமில்லை, உட்காரவுமில்லை. கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து தினமும் அதே வேலை. விடிந்ததும் நாற்காலி, கோட்டு, கொட்டில். சில நாள் ஒன்றும் வராது. மாமா பொறுமையாக உட்கார்ந்திருப்பார். சில நாள் இரண்டு வரும். வாடை மங்கினால் அக்கா கோட்டை எடுத்துக்கொண்டு சூளைக்கு நடப்பாள். தெருவில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கினார்கள். அவள் யாரையும் லட்சியம் பண்ணவில்லை. அவருக்குச் சோப்புப் போடுவதையும் நிறுத்திவிட்டாள். முகத்தை மட்டும் துடைத்துவிட்டாள். மாமா கூடுதலாக ஒரு கரண்டிக் கஞ்சி குடித்தார். ஜன்னலுக்கு ஆடுகள் திரும்ப வந்தன.

ஒருநாள் என் கடை வாசலில் உட்கார்ந்து முந்தானையை மோந்து பார்த்துக்கொண்டு அக்கா சொன்னாள், "எனக்கும் இப்ப வரமாட்டேங்குது தம்பி. மூக்கு செத்துப்போச்சு போல." முந்தானையை உதறிவிட்டு, "எத்தனை வருஷம் அந்த மனுஷனை வெளியில படுக்க வெச்சேன்" என்றாள். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதில் ஓட்டையே இல்லை.

பனி அதிகமானபோது மாமாவுக்கு இருமல் கண்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, காலைப் பனியில் வெளியே கொண்டுபோகவே கூடாது என்றார்கள். அக்கா சொன்னபடியே உள்ளே வைத்துக்கொண்டாள். மாமா விடிந்ததிலிருந்து ஜன்னல் கம்பியை அடிக்கத் தொடங்கினார். கஞ்சியைத் தட்டிவிட்டார். மறுநாளும் அதே. அவர் கை வீங்கிப்போயிற்று. அதற்கு மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"வேணாம்க்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அவருக்கும் தெரியும். தூக்கு."

தூக்கினேன். இரண்டு கம்பளி சுற்றித்தான் வைத்தோம். வெயில் ஏறியபிறகுதான் வைத்தோம். இருந்தாலும் இருமல் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. எட்டு ஆடுகள் முடிந்துவிட்டன. வெள்ளச்சி மட்டும் பாக்கி. அது அவர் பக்கமே வராமல் எட்டி நின்று தின்றுகொண்டிருந்தது. ஒன்றுதானே, விட்டுவிடலாம் என்று சொன்னேன். மாமாதான் கேட்கவில்லை.

மகள் வந்தபோது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டிலிருந்த நாற்றமும் அப்பா இருந்த கோலமும் அவளைப் பேயறைந்தவள்போல ஆக்கிவிட்டன. நடந்ததை எல்லாம் அக்கா மறைக்காமல் சொன்னாள்.

"ஆட்டுக்காகவா அப்பாவைப் பனியில கொண்டுபோய்க் கட்டி வெச்சே?"

"அவருதான் கேட்டாரு."

"வாயில்லாத மனுஷன் எப்படிம்மா கேட்டாரு?"

அக்கா சார்பில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவள் கேட்டதில் தப்பென்று எதைச் சொல்வது?

மகள் வெந்நீர் வைத்தாள். சோப்பை எடுத்தாள். அழுதுகொண்டே அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை துடைத்து, சலவைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்தாள். கோட்டைச் சுருட்டிக் கொல்லைப்பக்கம் எறிந்தாள். அவளும் பாசத்தில்தான் செய்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்தார். சாயங்காலம் மூளிக்காதி ஜன்னலுக்கு வந்தது. அவர் கையை நீட்டினார். அது மோந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அக்காதான் எடுத்து மார்பின் மேல் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நாள் மதியம் அவர் போய்விட்டார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். குடத்தில் தண்ணீரும் சோப்பும் துண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து குடத்தைக் காலால் தள்ளி நகர்த்தினாள்.

"அவரைக் குளிப்பாட்ட வேணாம்."

அப்படி எப்படி விடுவது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் போதும் போதும்ங்கிற அளவுக்குக் குளிப்பாட்டியாச்சு. நீயும் குளிப்பாட்டிட்டே. அவரு அவரா போகட்டும்."

கொல்லைக்குப் போய்க் கோட்டை எடுத்து வந்தாள். பனியில் நனைந்திருந்ததால் வாடை இன்னும் தூக்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விலகினார்கள். விறைத்த கையைக் கோட்டுக்குள் நுழைக்க அவளால் முடியவில்லை. கடைசியில் மகள்தான் வந்து மறுபக்கம் பிடித்தாள். இருவருமாகப் போட்டுவிட்டுப் பொத்தானை மாட்டினார்கள்.

தூக்கியவர்களில் நானும் ஒருவன். கொட்டிலின் வேலியை ஒட்டித்தான் தெருவுக்குப் போக வழி. நாங்கள் வேலி அருகே வந்ததும் வெள்ளச்சி தீவனத்தை விட்டுவிட்டு ஓடி வந்தது. கம்புகளுக்கு நடுவே கழுத்தை நீட்டிக் கோட்டை எட்டி எட்டி மோந்தது. கத்தியது. வால் நிற்கவே இல்லை.

பின்னால் வந்துகொண்டிருந்த அக்கா எங்களை நிற்கச் சொன்னாள். அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, வேலிக்குள் கையை விட்டு வெள்ளச்சியின் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது அசையாமல் நின்றது. அவள் கைக்கு ஒரு ஆடு நிற்பது அதுதான் முதல் தடவை.

"பொழுது சாயறதுக்குள்ள இதைச் சூளைக்குக் கூட்டிட்டுப் போகணும் தம்பி" என்றாள். என்றைக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் தோளை மாற்றிக்கொண்டு நடந்தோம். தெருமுனை திரும்பும்வரை ஆடு கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது.